திறக்காத சங்கு

பூமிக்கே அலுவலக ஒழுக்கம் கற்றுக்கொடுத்த ஊர் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அது புதுச்சேரி. அந்தப் பெருமையில் ஒரு பங்கு, பேரிடர் முன்யோசனை அலுவலகத்தில் உதவியாளராக இருந்த இராமதாஸைச் சேரும்.

கடலுக்கடியில் நடப்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தமான் பக்கம் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புகுகிறது. மேல்தட்டு நசுங்கி மலையாக எழும்புகிறது, ஆழத்தில் பாறை உருகி எரிமலையாகக் கக்குகிறது. இரண்டு தட்டும் சிக்கிக்கொண்டு திடீரென்று விடுபட்டால் நிலம் குலுங்கிக் கடல் கிளம்புகிறது. இத்தனையும் எந்தத் துறையின் ‘முன் அனுமதியும்’ இல்லாமல். அதை நினைத்தால் இராமதாஸுக்கு மனசே ஆறாது.

ஆகவே கடலோர மீனவர் ஊரான பிள்ளைச்சாவடியில் ஓர் அபாயச் சங்கு நிறுவப்பட்டது. மின்சாரச் சங்கு, ஊதினால் ஊரே எழுந்துகொள்ளும். மாதக்கணக்கில் அது பச்சைத் துணி போர்த்திக்கொண்டு, ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போயிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தட்டுகள் பொறுமை இழந்தன. மதியத்துக்குள் அலை வரலாம் என்று எச்சரிக்கை வந்தது. இராமதாஸ் சங்கறைச் சாவியோடு இயக்குநர் விஜயராகவனின் அறைக்கு ஓடினார்.

“சார், ஊதிடலாங்களா?”

“இன்னும் திறக்கவே இல்லியேப்பா. இப்பவே ஊதிட்டா, அவரு வந்து எதத் திறப்பாரு?”

“அலை வந்துட்டா சார்?”

“வர்லன்னா நீயா பதில் சொல்லுவ? உன் பிரமோஷன் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு.”

இராமதாஸ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். விதிமுறை காப்பாற்றப்பட்டது. பிறகு வராந்தாவுக்கு வந்து, பிள்ளைச்சாவடியில் வாழ்க்கைப்பட்ட மச்சினிக்குப் போன் செய்தார்.

“சின்னப்பொண்ணு, புள்ளைங்கள கூட்டிக்கினு ஒடனே லாஸ்பேட்டைக்கு, மேட்டுல இருக்கற நம்ம வூட்டுக்கு வந்துடு. அலை வருமாம். யார்கிட்டயும் சொல்லாத, பயந்துடுவாங்க.”

“பயப்படட்டும் மாமா. பக்கத்து வூட்டு குஞ்சம்மாளால நடக்கவே முடியாது, அத வுட்டுட்டு எப்பிடி வர்றது?”

சற்று நேரத்தில் அவள் தெரு முழுவதும் இராமதாஸின் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. குஞ்சம்மாள் மீன் வண்டியில் உட்கார்ந்து வந்திருந்தாள். இராமதாஸின் மனைவி வசந்தா எல்லோருக்கும் டீ போட்டே ஓய்ந்துபோனாள்.

அலையும் வந்தது. பெரிய அலை இல்லை. பிள்ளைச்சாவடி வடக்குத் தெருவில் மட்டும் இடுப்பளவு ஏறி, அடுப்பையும் அண்டாவையும் வாரிக்கொண்டு திரும்பியது. சேதி தெரியாத அந்தத் தெரு ஜனங்கள் கூரைமேல் ஏறித் தப்பித்தார்கள். ‘சங்கு ஊதப்படாததால் பீதி அறவே தவிர்க்கப்பட்டது’ என்று விஜயராகவன் அறிக்கை அனுப்பினார். இராமதாஸ் கண்காணிப்பாளர் ஆனார்.

பெரிய மனிதர் ஊர் திரும்பியதும் விழா நடந்தது. ரிப்பன் வெட்டப்பட்டது. சங்கு காது கிழிய ஊதி ஓய்ந்தது. கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேடையில் மாலையோடு இருந்த இராமதாஸுக்கு முன்வரிசைப் பேச்சு நன்றாகக் கேட்டது.

“அது கெடக்குது,” என்றாள் குஞ்சம்மாள். “ஒங்க மாமா போன் பண்ணாரா சின்னப்பொண்ணு?”

“இல்ல ஆயா.”

“அப்ப ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திரு.”

வடக்குத் தெரு கமலவேணி எழுந்து மேடையை நேராகப் பார்த்தாள்.

“எங்க தெருவுல ஒங்களுக்கு மச்சினி யாரும் இல்லீங்களே சார். நாங்க சாவறதா?”