உனக்கும் எனக்கும் ஏற்ற கைப்பேசி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். என் கண்கள் மட்டும் அந்த நலத்தில் சேரவில்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். தடித்த மார்க்கர் பேனாவால் பக்கத்துக்கு ஐந்து வரி எழுதுவதால் உறை தலையணை போல உப்பியிருக்கும். பயப்படாதே, செய்தி நல்லதுதான்.

போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது. கைப்பேசியில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிய, குழாய்க்காரர் என்று நினைத்து எதையோ அழுத்தி, "ரெண்டு நாளா சொட்டுச் சொட்டா ஒழுகுதுங்க, துணிய வச்சு இறுக்கிக் கட்டியிருக்கேன்" என்றேன். "கட்டை அவுக்காதீங்க. எந்தக் கண்ணு?" என்றது மறுமுனை. என் கண் மருத்துவர். விஷயம் புரிந்தும் அவர் சிரிக்கவில்லை, "இருக்கிற பார்வை குறையாம பாத்துக்கலாம். முதல்ல உங்களுக்குத் தோதான போன் வாங்குங்க" என்றார். முப்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, அடுத்தவர் விட்ட ஒற்றெழுத்தையெல்லாம் பிடித்தவன் நான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அண்ணி என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். விற்பனையாளர் கேமராவின் பெருமையையே பாடினார். நிலாவில் உள்ள பள்ளம்கூடத் தெரியுமாம், எனக்கு அவர் மூக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்து கடையிலேயே பெரியதை நீட்டினார். அது சட்டைப்பைக்குள் போகவில்லை, எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் ஒரு சொல்தான் நின்றது, வெள்ளைத் திரையின் கண்கூசும் ஒளியில் அதுவும் கரைந்தது. பொத்தான் வைத்த இன்னொன்று ஒவ்வோர் எண்ணையும் அதட்டிச் சொன்னது. நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் கடை முதலாளியம்மா வந்து, "ஐயா, போன்ல உங்களுக்கு என்ன செய்யணும்?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "என் தங்கச்சி அனுப்புறத நானே படிக்கணும்மா. வீட்டுல படிச்சுக் காட்டுறாங்க, ஆனா பாதிய முழுங்கிடுறாங்க" என்றேன். அண்ணி இருமினாள்.

அவர் நடுத்தர அளவில் ஒன்றை எடுத்து, கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வரவைத்து, வெயிலில் தெரிகிறதா என்று வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். என் சிம்மைப் போட்டு, வருவதைப் படித்துக் காட்டும் குரலையும் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, அண்ணிதான் படிப்பாள் என்று நம்பி என் எண்ணுக்கு நீ அனுப்பிய செய்தி வந்தது. கடை முழுக்கக் கேட்கும்படி அது படித்தது: "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. எனக்கும் எழுத்து மங்குது. பயமா இருக்கு."

"நாலு மாசமா சொல்லிட்டிருக்கா. நீங்க இடிஞ்சு போயிடுவீங்கன்னு மறைச்சேன்" என்றாள் அண்ணி. நான் இடிந்துபோகவில்லை, தங்கச்சி. முதலாளியம்மாவை உட்காரவைத்து, எதை எப்படித் தொடுவது என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். மூன்று நாளாகச் செய்தித்தாளைக் காதால் படிக்கிறேன். அந்தக் குரல் ழகரத்தைக் கொல்கிறது. திருத்திக்கொண்டே கேட்பதில் பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது. ஆகவே பயத்தை விடு. உடனே மருத்துவரைப் பார். பிறகு இதே போனை வாங்கு. நடுத்தர அளவுதான், வேறு எதைக் காட்டினாலும் ஏமாறாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கும் உன் கண்களுக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் முதலாளியம்மா கூப்பிட்டார். இந்த வசதியெல்லாம் அநேகமாக எல்லாப் போனிலும் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்குமாம். அன்று சொல்ல மறந்துவிட்டாராம். எனவே எதையும் வாங்காதே. இருக்கிற போனை எடுத்துக்கொண்டு கிளம்பி வா. எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.