காடி ஊற்றாத அகழி

மெய்நாட்டின் தென்கோடியில் கருவாயில் என்றொரு கோட்டை இருந்தது. அதனுள் குழந்தைகள் உறங்கும் தொட்டில் மண்டபத்தைக் காப்பதற்காகவே கட்டப்பட்ட கோட்டை அது. சுற்றியிருந்த அகழியில் புளிப்பர் என்னும் எளிய குடிகள் நாள்தோறும் காடி ஊற்றுவார்கள். அந்தப் புளிப்பில் கெட்டது எதுவும் தலையெடுக்காது. இன்னொரு வழக்கமும் உண்டு. மதிலோடு சேர்த்துக் கட்டிய மதில்வீடுகளில் இருப்பவர்கள் தம் பருவம் முடிந்ததும் மறுபேச்சில்லாமல் காலி செய்துவிட வேண்டும்.

ஒருநாள் அமைச்சர் வாசநம்பி மூக்கைப் பொத்திக்கொண்டார். "இந்த வாடை அரசின் கௌரவத்துக்கு இழுக்கு. அகழியைப் பன்னீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். புளிப்பர் வெளியேறட்டும்" என்றார். பன்னீர்க் கடை யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டவர்களைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

காடி நின்றதும் அகழியில் பாசியும் பூச்சியும் மண்டின. எரிச்சலடைந்த காவலர்கள் ஓயாமல் ஈட்டி எறிந்தார்கள். பாதி ஈட்டிகள் சொந்த மதிலில்தான் குத்தி விரிசல் விடவைத்தன. அந்த விரிசல் வழியே ஒரு தரகன் உள்ளே வந்தான். அவன் கையில் ஆயுதம் இல்லை. மதில்வீட்டு மருதப்பரின் காதோரம் மட்டும் குனிந்தான்.

"பருவம் முடிஞ்சா நீங்க ஏன் போகணும்?"

மருதப்பர் போகவில்லை. தன்னைப் போலவே பலரை உண்டாக்கிப் பக்கத்து வீடுகளிலும் உட்காரவைத்தார்.

காவலாள் எயினிதான் இதை முதலில் பார்த்தாள். அவளுடைய கைக்குழந்தை தூங்குவது அந்த மதிலையொட்டிய தொட்டில் மண்டபத்தில். அமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, மருதப்பர் வீட்டைக் காலி பண்ணல. மதிலே வீங்கிக்கிட்டு வருது. உத்தரவு குடுங்க, இப்பவே இழுத்து வெளிய போடுறேன்."

"அகழி நிறையப் பூச்சி இருக்க, சொந்தக் குடிமகனையா சந்தேகப்படுகிறாய்?" என்றார் அமைச்சர். அன்றே ஓர் ஆணை பிறந்தது. இனிக் குடிமக்கள்மேல் ஈட்டி ஓங்காதபடி ஒவ்வொரு காவலரின் கையையும் ஓர் அமைதி அலுவலர் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பிறகு கோட்டைத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மருதப்பரின் முகம். மருதப்பர் அமோகமாக வென்றார். தொட்டில் மண்டபத்தை இடித்துத் தன் வீட்டை விரிவாக்க வேண்டும் என்பது அவருடைய முதல் ஆணை.

எயினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்முன் போய் நின்றாள்.

"இன்னிக்கு மண்டபம், நாளைக்குக் கோட்டை, அப்புறம் நாடு. நாடே செத்துப்போனா நீங்க மட்டும் எங்க இருப்பீங்க?"

மருதப்பர் அமைதி அலுவலரைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தப் பெண் எந்த நாட்டுக்காரி என்று விசாரியுங்கள்."