உடையாத இடது இறக்கை

ஒரு தொழிலில் கொஞ்சம் கை பழகிவிட்டால், உலகத்தில் உடைந்ததெல்லாம் நமக்காகவே உடைந்ததாகத் தோன்றும். எனக்குத் தோன்றியது. அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஆசிட் ஊற்றிவைக்கும் ஃபைபர் தொட்டி செய்கிற கம்பெனியில் நான் சூப்பர்வைசர். (மூன்று பேருக்கு. அதில் ஒருவர் எப்போதும் லீவு.)

கவரைப்பேட்டையில் கலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா இல்லாத வீடு, பதில் சொல்ல வேண்டியவர் அண்ணன் பாஸ்கர். செல்போன் கடை வைத்திருந்தார். ஆனால் அவர் உயிர் இருந்தது ஒரு கிளைடரில். மோட்டார் இல்லாத குட்டி விமானம். கையால் வீசிவிட்டால் காற்றில் மிதக்கும், ரிமோட்டில் திருப்பலாம். அறுவடை முடிந்த வயலில் விட்டுக்கொண்டிருப்பார். நான் பதிலுக்குத் தவம் கிடந்த வாரத்தில்தான் அது பனைமரத்தில் மோதி இடது இறக்கை ஒடிந்தது.

நேராக எங்கள் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மாப்ள, ஃபைபர் கம்பெனிலதான கீறீங்க? இத்த சரிபண்ண முடியுமா?"

'மாப்ள' என்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆசிட் தொட்டியே செய்றோம் மச்சான். இதெல்லாம் ஒரு மேட்டரா?"

"அப்ப ஞாயித்துக்கெழம உட்றலாம். அம்மா, கலா எல்லாம் பாக்க வர்றாங்க. அப்டியே கல்யாண விசயத்தயும் பேசி முடிச்சிடலாம்."

சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். இறக்கை தெர்மாகோல். ஒடிந்த இடத்தில் தொட்டிக்குப் பூசும் ரெசின் பசையையே பூசினேன். (ஆசிட்டைத் தாங்கும் அந்த ரெசின் தெர்மாகோலைத் தின்னும் என்று எனக்கெப்படித் தெரியும்? தெர்மாகோலில் யார் தொட்டி செய்கிறார்கள்?) பூசிய இடம் பள்ளமானது. பள்ளத்தை அடைக்க இன்னும் ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டு இறக்கை கரைந்தது. கூடவே என் கல்யாணமும் கரைந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் வந்த பெட்டியிலிருந்து தெர்மாகோலை எடுத்து, அறுத்துத் தேய்த்துப் புது இறக்கை செய்தேன். ரெசின் படாமல் பேக்கிங் டேப் சுற்றி, மேலே ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் பூசினேன். சந்தேகம் வந்தால் இன்னொரு மேட் போடு என்பது எங்கள் பட்டறை வழக்கம். அன்று எனக்குச் சந்தேகத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை. போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன்.

காயவைத்து மாட்டியதும் விமானம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டது. பயந்தவன் மூளை எப்படி வேலை செய்யும் பாருங்கள்: வலது இறக்கையின் அடியில் இரும்பு நட்டுகளை ஒட்டிச் சரிக்கட்டினேன். நேராக நின்றது. பறக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வயலில் கலாவின் அம்மா குடை பிடித்து நின்றார். கலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானத்தைக் கையில் வாங்கிய பாஸ்கரின் தோள் இறங்கியது.

"இன்னா மாப்ள, இம்மாம் வெயிட்டா கீது?"

"ஸ்ட்ராங் மச்சான்."

ஓடிப்போய் வீசினார். அது நேராகப் போய் வரப்பில் மூக்கைக் குத்தியது. உடம்பு ஒருபக்கம், வால் ஒருபக்கம். வலது இறக்கை தூள் தூளாகி நட்டுகள் நாலாபக்கமும் தெறித்தன. இடது இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

பாஸ்கர் ஒரு நட்டைப் பொறுக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். (என் மூஞ்சியில் எறிந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.) "இன்னா மாப்ள இது, பேஜாரு பண்ணிட்டீங்களே" என்றார். 'மாப்ள' சொல்வது அதுவே கடைசி என்று நினைத்துக்கொண்டேன்.

கலா இடது இறக்கையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். தூக்கியபடியே சிரிக்க ஆரம்பித்தாள்.

"ண்ணா, உனுக்கு பயந்துக்கினு எப்டி செஞ்சிருக்காரு பாரு! நம்மூட்டுக்கு இந்த மாதிரி ஆளுதான் சரி. தேதி பாருண்ணா."

தேதி பார்த்தார்கள். இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி மூடி விரிசல் விட்டால்கூட, "அவரு கைல குடுக்காதீங்க, அப்பறம் தூக்க முடியாது" என்று கலா பிள்ளைகளிடம் கத்துகிறாள். அந்த இறக்கை மச்சான் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு மழை படாமல் மூடியாக இருக்கிறது. ஒரு புயலில் அவர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையே பறந்துபோனது. இறக்கை மட்டும் பறக்கவில்லை.