மூன்று பட்டறைக் கத்திகளும் ஒரு போலீஸ் வண்டியும்

அன்புத் தம்பி விக்ரமுக்கு,

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உன் அக்கா செல்லக்கிளி எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் நலம். பட்டறையும் நலம். திருப்பூரில் நீயும் ஆர்த்திகாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க அழகர் பார்த்துக்கொள்வார். இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "ஸ்டேஷன்" என்று ஆரம்பித்ததுமே நீ "ஐயோ" என்பாய், ஆர்த்திகா போனைப் பிடுங்கி "என்னாச்சு மதினி" என்பாள், பிறகு நீங்கள் இரண்டு பேருமே பேசி முடித்து வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

முதலில் அந்தப் போட்டோ. நானும் உன் மாமாவும் கத்தி மூட்டையோடு போலீஸ் வண்டியிலிருந்து இறங்குகிற மாதிரி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது நாங்கள்தான். அதைப் பார்த்துவிட்டு, "சங்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம், பட்டறையப் பூட்டிட்டுத் திருப்பூர் வாங்க, மாமாவுக்குக் கம்பெனியில வாட்ச்மேன் வேலை சொல்லி வச்சிருக்கேன்" என்று பேசி அனுப்பியிருக்கிறாய். நடந்ததை முழுதாகப் படி. படித்துவிட்டு அந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்.

எங்கள் ரோட்டில் மூன்று பட்டறைகள் இருப்பது உனக்குத் தெரியும். மூன்றிலும் அடிப்பது கத்திதான். அழகுபாண்டி அண்ணன் தன் போர்டில் "ஒரிஜினல்" என்று எழுதினார். எதிர்ப்பட்டறை ராஜபாண்டி அண்ணன் மறுவாரமே "இதுதான் ஒரிஜினல்" என்று எழுதினார். உன் மாமா கண்ணுச்சாமி யோசித்து யோசித்து "எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது" என்று எழுதினார். இருப்பதோ ஒரு பட்டறை, அதற்கும் பாதிக் கூரை. மூவருக்குள்ளும் பேச்சுவார்த்தை கிடையாது. இப்படி இருக்கையில் ராஜபாண்டி அண்ணன் மகள் தமிழ்வாணி, அவள் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள், மாட்டுத்தாவணிப் பக்கம் கைத்தொழில் கண்காட்சி நடக்கப்போகிறது என்று வந்து சொன்னாள். தனியாளுக்கு ஸ்டால் கிடையாதாம், குழுவாக வந்தால்தான் தருவார்களாம். தகடு மாதிரி வளைகிற மிஷின் கத்தியை வாங்கித் தக்காளியை நசுக்கிக்கொண்டிருக்கிற ஜனத்துக்கு எங்கள் சரக்கைக் காட்ட இதை விட்டால் வழியில்லை என்று எனக்குப் பட்டது. நானே ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். "அந்தாளு வந்தா நான் வரல" என்று மூவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், உன் மாமா உட்பட. "இந்த ஒரு விசயத்துலயாவது மூணு பேருக்கும் ஒத்துமை இருக்குல்ல, அது போதும்" என்று சொல்லி, சங்கத்தை ஆரம்பித்து, தலைவியாக என்னையே போட்டுக்கொண்டேன். வேறு யாரைப் போட்டாலும் மற்ற இருவர் ஓடிவிடுவார்கள்.

கண்காட்சி அன்று காலையில் கத்திகளைச் சாக்கில் கட்டிக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். ஊருக்குள் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று வழியெல்லாம் போலீஸ். மாட்டுத்தாவணிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஏட்டு கை காட்டி நிறுத்தினார். நான் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்த உன் மாமா, நான் இறங்கி வருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மூட்டையில என்னய்யா?"

"கத்தி சார்."

"கத்தியா? எம்புட்டு?"

"எண்ணல சார். கெடச்சதெல்லாம் அள்ளிப் போட்டுட்டு வாரோம்."

"கூட இருக்கவங்க யாரு?"

உன் மாமாவுக்குத்தான் பொய் வராதே. "ரொம்ப வருசமா எங்களுக்குள்ள பகை சார். இன்னைக்கித்தேன் எல்லாத்தையும் மறந்து ஒண்ணாக் கெளம்பியிருக்கோம்."

ஏட்டு இரண்டடி பின்னால் போனார். "எங்க கெளம்பிட்டீங்க?"

"கூட்டம் எங்க நெறையா வருமோ அங்க சார்."

இதற்குமேல் நான் இறங்கி என்ன செய்ய? போதாக்குறைக்கு ஒரு போலீஸ்காரர் எங்கள் பேனரைப் பிரித்துவிட்டார். தமிழ்வாணி ஆசை ஆசையாகச் செய்தது. மூன்று ஆண்களும் மீசையை முறுக்கிக்கொண்டு ஆளுக்கொரு கத்தியோடு நிற்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில், "வந்துட்டோம் மதுரைக்கு! இனி ஒரே வெட்டுதான்!"

ஸ்டேஷனில் வரிசையாக உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி என்று ஓர் அம்மா. "தலைவர் யாரு?" என்று கேட்டதும் மூன்று ஆண்களும் முதல் தடவையாகச் சேர்ந்து ஒரே பக்கமாக என்னைக் காட்டினார்கள். எழுந்து நின்றேன். அழவில்லை தம்பி. ஒவ்வொரு கத்தியாக எடுத்து மேசையில் வைத்தேன். "இது மீனுக்கு மேடம். இது வாழைத்தண்டுக்கு. இது கறிவேப்பிலை, வெங்காயத்துக்கு." அவர் பெரிய கத்தி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது யாருக்கு?" என்றார். "உங்களுக்குத்தேன் மேடம், வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். ஏட்டு மறுபடியும் இரண்டடி பின்னால் போனார். அப்புறம் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்காட்சிக்காரர்களுக்குப் போன் போட்டு விசாரித்து, "சரி, கெளம்புங்க. அந்த பேனர மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க" என்றார். வெளியே வந்தால் குட்டியானைக்காரன் பயந்து ஓடிவிட்டான். அதனால் போலீஸ் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். நீ பார்த்த போட்டோ கண்காட்சி வாசலில் நாங்கள் இறங்கும்போது எடுத்தது.

போலீஸ் வண்டியில் வந்து இறங்கினால் சனம் சும்மா இருக்குமா? எங்கள் ஸ்டால் முன்னால்தான் கூட்டம். ஆனால் எல்லோரும் "என்ன கேசு?" என்று கேட்டார்களே தவிர, ஒருத்தரும் கத்தியைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் யார் கத்தியை வைப்பது என்று எங்கள் ஆட்கள் சண்டையை ஆரம்பித்தார்கள். "ஓங்கத்தி வெண்ணெயக்கூட வெட்டாதுண்ணே" என்றார் அழகுபாண்டி. "எடு பாப்பம்" என்றார் ராஜபாண்டி. இருவர் கையிலும் கத்தி. கூட்டம் கலைந்து ஓடியது. கண்காட்சிக்காரர் ஓடி வந்து, "இன்னொரு சத்தம் கேட்டாலும் ஸ்டாலைக் காலி பண்ணிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. விடிந்ததிலிருந்து பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது.

பக்கத்து ஸ்டால் பசுமலை முனீஸ்வரியக்கா, ஊறுகாய் போடுகிறவர். சனங்கள் கண்ணெதிரிலேயே மாங்காயைக் கொட்டையோடு வெட்டிப் போட்டுத் தருவது அவர் கணக்கு. அவர் வாங்கி வைத்திருந்த வெட்டு மிஷின் முதல் கொட்டையிலேயே பல்லை உடைத்துக்கொண்டுவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் கூடையைத் தூக்கி வந்து எங்கள் ஆட்கள் முன்னால் கொட்டினேன்.

"யாரு கத்தி ஒசத்தின்னு வாயால சொல்லாதீக. வெட்டிக் காட்டுங்க. கொட்டையோட!"

வெட்டினார்கள் பார், தம்பி! டக் டக்கென்று மாங்காய் நாலாகப் பிளந்து விழுகிறது. ஓடினவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். "ஏங்க, அந்தக் கத்தி எனக்கு", "அந்தச் சின்னது குடுங்க" என்று பெண்கள் கை நீட்ட ஆரம்பித்தார்கள். நடுவில் ராஜபாண்டி அண்ணன் கத்தியின் பிடி கழன்றுவிட்டது. அவர் முகம் கறுத்துப்போய் நின்றார். அழகுபாண்டி அண்ணன் ஏதாவது சொல்லப்போகிறார் என்று எனக்குப் பக்கென்றது. அவரோ தன் பக்கத்திலிருந்த இன்னொரு கத்தியை எடுத்து, ராஜபாண்டி அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டு, தன் மாங்காயைப் பார்த்துக்கொண்டே வெட்டினார். ராஜபாண்டி அண்ணன் அதை வாங்கி இரண்டு மாங்காய் வெட்டினார். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான்யா அடிச்சிருக்க" என்றார். உன் மாமா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கேட்டால் மாங்காய்ப் பால் தெறித்துவிட்டது என்கிறார்.

சாயங்காலம் சாக்கு காலி. இன்ஸ்பெக்டர் அம்மாவே மாற்று உடையில் வந்து மீன் கத்தி வாங்கிப் போனார்.

ஆகவே விக்ரம், நாங்கள் திருப்பூர் வருவதாக இல்லை. மூன்று பட்டறையும் இனி ஒரே கைதான். யாராலும் பிரிக்க முடியாது. நகருக்குள் ஓர் ஓட்டல்காரர் அடுக்களைக்கு மொத்தமாகக் கத்தி கேட்டிருக்கிறார். அதை முடித்துவிட்டுச் சென்னைக் கண்காட்சிக்கும் போகப்போகிறோம். நீ கவலைப்படாமல் உன் வேலையைப் பார். ஆர்த்திகாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் அடுப்பில் எந்நாளும் நல்ல குழம்பு கொதிக்கட்டும், காய் நறுக்கும்போது ஒருவர் விரலும் வெட்டுப்படாதிருக்கட்டும்.

உன் அக்கா,
செல்லக்கிளி
(தலைவி)

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது வாசலில் சத்தம். ஓட்டல் கத்தியில் யார் முத்திரையைக் குத்துவது என்று சண்டை வந்து, அழகுபாண்டி அண்ணன் விலகித் தனிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார். ராஜபாண்டி அண்ணன் ஒரு சங்கம் ஆரம்பித்து, உன் மாமாவையும் அதில் சேர்த்துக்கொண்டுவிட்டார். ஆகவே "யாராலும் பிரிக்க முடியாது" என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டு வாசி. இரண்டு சங்கத்தாரும் தனித்தனியாக வந்து என்னைத் தலைவியாக இருக்கச் சொன்னார்கள். இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் ஓட்டலுக்குச் சரக்கு போக வேண்டும். இரண்டு சங்கத்துக்கும் ஒரே வண்டிதான் பேசியிருக்கிறேன், அது இன்னும் அவர்களுக்குத் தெரியாது.