மாமனார் குரலும் ஒரு பென்டிரைவும்

வேலை போன மனுஷன் வீட்டில் எதையாவது சரிசெய்தே தீர வேண்டும். இல்லையென்றால் வீடு அவனைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடும். குழாயைச் சரிசெய்தேன், ஒழுகியது. கதவைச் சரிசெய்தேன், சாத்த மறுத்தது. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர்.

அது என்னைப்போலவே ஆகியிருந்தது. காலையில் எழுப்பினால் மத்தியானம்தான் கண் திறக்கும். அதில்தான் என் மனைவி ஊரார் கடைக் கணக்கெல்லாம் எழுதிக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பழைய சிஸ்டத்தைத் தூக்கிட்டுப் புதுசு போடப்போறேன்" என்றேன்.

"கடைக்காரரைக் கூப்பிடலாமே."

"எதுக்கு? ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, அதை வச்சு பூட் பண்ணணும். அவ்வளவுதான்."

"எதைப் பூட்டணும்?"

"பூட்டு இல்ல. பூட். பூட்டினதைத் திறக்கிற மாதிரி."

"அப்ப சாவின்னு சொல்லுங்க" என்றபடி துணி மடிக்கப் போய்விட்டாள்.

வெளியே மழை விடுவதாக இல்லை. மேசை டிராயரைத் துழாவினேன். ஒரு நீல பென்டிரைவ் கிடைத்தது. செருகினேன். 'இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா?' என்று திரை கேட்டது. வேலை போனதிலிருந்து என்னிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்பதில்லை. அந்த மரியாதையில் மயங்கிச் சரி என்று அழுத்திவிட்டேன்.

புது சிஸ்டம் பென்டிரைவில் முழுசாக ஏறி முடிந்தபோது அவள் வந்து நின்றாள்.

"டிராயர்ல இருந்த நீல பென்டிரைவையா எடுத்தீங்க?"

"ஆமா. ஏன்?"

மடித்துக்கொண்டிருந்த துண்டோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அதுலதான் அப்பா குரல் இருந்துச்சு."

என் மாமனார் போன மழைக்காலத்தில் இறந்தார். படுக்கையில் இருந்தபோது அவர் போனில் பேசியதையெல்லாம் இவள் பதிவுசெய்து வைத்திருந்தாள். இருமலும் 'சாப்பிட்டியாம்மா'வும்தான் பாதி. ஆனாலும் அதைக் கேட்டால்தான் சில நாள் இவளுக்குச் சோறு இறங்கும்.

எனக்கு நாக்கு வறண்டது. "காப்பி இருக்கா?" என்றேன்.

"பால் இல்ல."

"அந்தக் காப்பி இல்லம்மா. வேற எதுலயாவது போட்டு வச்சிருக்கியா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அழுதிருந்தால் தேவலாம். அழவில்லை. மனுஷன் செத்த பிறகு அவரை இன்னொரு தரம் கொன்றவன் நான்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அப்பா கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்" என்றாள் மெதுவாக. "மாப்பிள்ளை வீட்ல சும்மா உக்காந்து நொந்துபோக வேண்டாம், அண்ணன் கடையில வந்து இருக்கட்டும்னார். நீங்கதான் ஒத்துக்கல."

அவள் அண்ணனுக்கு இரும்புக்கடை. நாற்பது பேரை மேய்த்த நான், மச்சான் கடையில் ஆணி நிறுப்பதா என்று அதுவரை வீம்பு பிடித்திருந்தேன். அன்றைக்கு அந்த வீம்பும் பென்டிரைவோடு அழிந்துவிட்டது.

"போறேன்" என்றேன். "அப்பா மேல ஆணை."

"எங்கப்பா மேலயா, உங்கப்பா மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்."

தலையசைத்துவிட்டு எழுந்து போனாள். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து மாமனார் இருமினார். ஓடிப் போய்ப் பார்த்தால், அடுப்பு மேடையில் அவளுடைய போன். "சாப்பிட்டியாம்மா?" என்றது.

"அழிஞ்சுபோச்சுன்னு சொன்னியே?"

"நான் எப்ப சொன்னேன்? அதுல இருந்துச்சுன்னுதான் சொன்னேன். நீங்க குழாயைத் தொட்ட அன்னிக்கே எல்லாத்தையும் போனுக்கு மாத்திட்டேன்."

கோபப்படத்தான் நினைத்தேன். நிம்மதிதான் வந்தது. "சரி, கடைக்கு எப்போ வரேன்னு உங்க அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன்" என்றேன், மிச்சமிருந்த கௌரவத்தைக் காப்பாற்ற.

"வேண்டாங்க. திங்கக்கிழமை வருவீங்கன்னு போன வாரமே சொல்லிட்டேன்."