பத்துக் கேள்விகளும் இரண்டு மாத்திரை அட்டைகளும்

கள்ளப் போதகர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பத்து வருஷம் புத்தகம் புத்தகமாகப் படித்தவன் நான். அப்படிப்பட்ட ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்து கோழிக்குழம்பும் போட்டவனும் நான்தான்.

இண்டூரில் எங்கள் சபைக்குப் பேச வரும் வெளியூர்க்காரர்களை விசாரித்து அனுமதிப்பது என் பொறுப்பு. (யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.) அதற்காகப் பத்துக் கேள்விகளைத் தட்டச்சு செய்து நகலெடுத்து வைத்திருந்தேன். அவற்றில் எனக்குப் பிடித்தது ஏழாவது: ‘ஆண்டவர் திரும்பி வரும் தேதி உங்களுக்குத் தெரியுமா?’ தெரியும் என்றால் ஆள் வெளியே. ஒரு நாள் விடாமல் டயரி எழுதுகிறவனைத் தேதி விஷயத்தில் ஏமாற்ற முடியாது என்று ஒரு கர்வம்.

எங்கள் போதகர் மாற்றலாகிப் போய், புதியவர் இன்னும் வராத சமயம். அப்போதுதான் அந்தப் பிரசங்கியார் வந்தார். பத்துக்குப் பத்து வாங்கினார். ஏழாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு, “அதெல்லாம் மனுசனுக்குத் தெரியாதுங்க பிரதர்” என்றார். தாளின் ஓரத்தில் ‘சுத்தமான போதகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆண்டவர் வரும் தேதியை அவர் சொல்லவில்லை. என் மைத்துனி ராணியின் சர்க்கரை வியாதி போகும் தேதியைச் சொன்னார். “இன்னிலேர்ந்து பத்து நாள் மாத்திரையத் தொடாதம்மா. தொட்டா விசுவாசமில்லைன்னு அர்த்தம்.”

ராணி என்னைப் பார்த்தாள். “மாமா, நீங்க விசாரிச்சவருதானே?”

“பத்துக்குப் பத்து” என்றேன்.

பத்து நாளும் ஜெபத்துக்காக ராணி எங்கள் வீட்டிலேயே தங்கினாள். என் டயரியிலிருந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல்:

‘ஐந்தாம் நாள். ராணிக்கு ஓயாத தாகம். ஆவிக்குரிய தாகமாக இருக்கலாம்.’

‘ஏழாம் நாள். ராத்திரி நான்கு முறை எழுந்தாள். ஜெபிக்கவோ?’

என் மனைவி எஸ்தர் டயரி எழுதுவதில்லை. “ஏங்க, அவ எழுந்திருச்சது பாத்ரூமுக்கு. சுகர் ஏறுதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாத்திரை போட்டுக்குவா.”

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. சொன்னால் என் கையெழுத்து என்னாவது?

ஒன்பதாம் நாள் மதியம் பிரசங்கியார் சாப்பிட வந்தார். களியும் கோழிக்குழம்பும். கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனார். சொம்புத் தண்ணீரோடு அவர் பின்னால் போன எஸ்தர் விறுவிறுவென்று திரும்பி வந்து, ராணியின் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஐயா, இப்ப என்னவோ வாயில போட்டீங்களே, என்னங்க அது?”

“சத்து மாத்திரைம்மா.”

“அட்டையக் காட்டுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். காப்பாற்றும் எண்ணத்தில் நான், “எஸ்தர், அவரு பத்துக்குப் பத்து” என்றேன்.

எஸ்தர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் மெல்லச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். இரண்டு அட்டைகளும் மேசையில் அருகருகே கிடந்தன. அதே பெயர், அதே நிறம். அவருடையது கொஞ்சம் வீரியம் கூடியது.

ராணி தன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி விழுங்கினாள். “நீங்களும் நிறுத்தியிருந்தீங்கன்னா, நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேங்க” என்றாள்.

பிரசங்கியார் எழுந்து வாசலுக்கு நடந்தார். நான் அவரைத் திட்ட வாயெடுப்பதற்குள் எஸ்தர் அவரை மறித்தாள். “உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க. இதப் போட்டுட்டு வெறும் வயித்தோட பஸ் ஏறுனா மயக்கம் வரும். வூட்டுக்கு வந்தவரு நீங்க.”

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தது. குழம்பு காரம் என்று டயரியில் எழுதியிருக்கிறேன். போகும்போது ராணியிடம், “இன்னிக்கே தருமபுரி போயி ரத்தம் பாத்துரும்மா” என்றார். அவர் செய்த பிரசங்கங்களில் அது ஒன்றுதான் பிழையில்லாதது.

அன்று மாலையே போனோம். “யார் நிறுத்தச் சொன்னது?” என்று டாக்டர் கேட்டபோது ராணி என் பக்கமே திரும்பாமல் சுவரைப் பார்த்தாள். நானே கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. ராணி மூன்று நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தாள். மூன்று நாளும் பக்கத்து ஸ்டூலில் நான். டயரியில் அந்தப் பக்கங்கள் மட்டும் காலி.

பிறகு புதிய போதகர் வந்தார். என் கேள்வித்தாள் பையிலேயே இருந்தது, எடுக்கத் தைரியமில்லை. ராணிதான் கேட்டாள். “பாஸ்டர், மாத்திரை ஏதாச்சும் சாப்புடுறீங்களா?”

“பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணுங்க. ஏம்மா?”

“அக்கா, இவரு சரியான ஆளு. சோறு போடு.”

இன்றைக்கும் நான் ஒரு மிக்ஸியையோ, ஒரு மாப்பிள்ளையையோ, ஒரு மாம்பழத்தையோ நல்லது என்று சொல்லிவிட முடியாது. ராணி உடனே சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பாள். “மாமா பத்துக்குப் பத்து போட்டுட்டாரு. எதுக்கும் நீ ஒருக்கா பாத்துரு, அக்கா.”