பத்துமணிக் காக்காவின் பிழைகள்

சாய்ந்தமருதில் மூட்டை நிறுத்துக்கொண்டே உலகத்தின் பசியைத் தீர்க்கப் புறப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பத்துமணிக் காக்காதான்.

அரிசி ஆலையில் நான் கிளார்க், அவர் தராசுக்காரர்; வயதில் மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். பெயரைக் கேட்டவர்கள், ஆள் வேலைக்குப் பத்து மணிக்குத்தான் வருவார் போல என்று நினைப்பார்கள். அவரோ ஆறரைக்கே வந்து தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார். இது வேறு மணி. அவருடைய மகள் இங்கிலீஷ் படிக்கவென்று போனில் ஒரு விளையாட்டைப் போட்டிருந்தாள். ஒரு சொல் வரும், கீழே நான்கு விடை. சரியானதை அழுத்தினால், எங்கோ பசித்திருப்பவருக்குப் பத்து மணி அரிசி போகும். மகள் இரண்டே நாளில் விட்டுவிட்டாள். வாப்பா பிடித்துக்கொண்டார்.

"பத்து மணி ஒரு காகத்துக்கும் காணாதே காக்கா?"

"ஓம், காணாதுதான். அதான் அடுத்த சொல்லயும் பாக்கன். நீ பொருளச் சொல்லு மனே."

பிழையாக அழுத்தினால் யாரோ ஒருவரின் சோற்றுப் பீங்கானிலிருந்து பத்து மணி திரும்பிப் போய்விடும் என்பது அவரே இயற்றிய சட்டம். அப்படி ஒன்றுமில்லை என்று நான் தலைகீழாக நின்று சொல்லியும் பலனில்லை. கடினமான சொல் வந்தால் தராசு நின்றுவிடும். வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தால், "பொறுங்க தம்பி, ஒராள்ட சோத்துப் பிரச்சின" என்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு டாக்டரிடமே பொருள் கேட்டவர் அவர். ஒருநாள் முதலாளி ஹாஜியாரை எல்லோர் முன்னிலையிலும் 'மெக்னனிமஸ்' என்று புகழ்ந்தார். பெருந்தன்மையானவர் என்று அர்த்தம். ஹாஜியார் அதை ஏதோ வியாதி என்று நினைத்து மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

பிழை நேர்ந்துவிட்டால் கப்பாரா. சத்தியத்தை முறித்தவர் பரிகாரமாக ஏழைகளுக்குச் சோறு கொடுப்பதில்லையா, அதுபோல. வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து தராசடியில் இருந்த நீல வாளியில் போடுவார். வாளி யாருக்குப் போகிறது என்று மட்டும் சொல்லமாட்டார்.

நானோ அப்போது குறும்பு பிடித்தவன்.

"'பெமின்' எண்டா என்ன மனே?"

"பொம்புளயள்ற சங்கதி காக்கா. மூணாவத அமத்துங்க."

அமத்தினார். மறுநாள் வாளியில் ஒரு பிடி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதன்பிறகு வாரத்துக்கு மூன்று நான்கு பிழையாவது சொல்லிக் கொடுத்திருப்பேன்.

பிறகு உரமில்லாமல் வயல்கள் கைவிட்ட அந்த வருடம் வந்தது. நெல் வரவில்லை, ஆலையை மூடினார்கள். இரண்டு மாதம் சம்பளமில்லை. ஒருநாள் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டிய மனைவி, என்னைப் பார்க்காமல் பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றினாள். அன்று அசர் தொழுகைக்குப் பிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஹாண்டிலில் நீல வாளி தொங்கியது, விளிம்புவரை அரிசி.

"கப்பாரா அரிசி மனே. வேணாமெண்டு சொல்லப்படாது."

வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "காக்கா, இதுல பாதி நான் வேணுமெண்டே பிழையாச் சொன்னது."

"தெரியும். பெமின் எண்டா பஞ்சம். அந்தச் சொல்லு திரும்பியும் வந்திச்சே."

"தெரிஞ்சுமா என்னட்டக் கேட்டீங்க?"

"பத்து மணி போகும், ஒரு பிடி வரும். நான் தராசுக்காரன், எது பாரமெண்டு எனக்குத் தெரியாதா?"

அன்று நாங்கள் என் பிழைகளைத்தான் சோறாக்கித் தின்றோம். வாழ்நாளில் அப்படியொரு சோற்றை நான் தின்றதில்லை.

இப்போது ஆலை ஓடுகிறது. காக்கா இன்றும் சொல் கேட்கிறார். நான் இன்றும் சிலவேளை பிழையாகவே சொல்கிறேன். அவரும் ஒன்றும் தெரியாதவர் போல அமத்துகிறார். மறுநாள் வாளியில் இரண்டு பிடி விழும். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது.